வேகத்துக்காகக் கட்டிய நீர்மூழ்கி: யு-180இன் கதை

சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றுக்கு மாறி ஆசியா வந்து சேர்ந்தார் என்பது நம்மில் பலரும் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த செய்தி. அந்தக் கப்பலின் பெயர் யு-180 என்பதைக்கூடச் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். ஆனால் அது என்ன மாதிரியான கப்பல், எந்த வேலைக்காகக் கட்டப்பட்டது, போஸை இறக்கிவிட்ட பிறகு அதற்கு என்ன ஆனது என்பவை அவரது வாழ்க்கையை எழுதியவர்களுக்கு அடிக்குறிப்பு அளவிலான விஷயங்களாகவே இருந்துவிட்டன. உண்மையில் யு-180, ஜெர்மன் கடற்படையின் வடிவமைப்பாளர்கள் துணிந்து செய்து பார்த்த ஒரு சோதனை. அந்தச் சோதனை தோற்றது. அது வரலாற்றில் நிற்கக் காரணமான ஒரே காரியத்துக்கு, எதற்காக அது கட்டப்பட்டதோ அந்த வேகம் சற்றும் தேவைப்படவில்லை.

இதைப் புரிந்துகொள்ள அக்காலத்து நீர்மூழ்கியின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகளை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல்களைக் கற்பனை செய்தால் தவறான சித்திரமே கிடைக்கும். அவை நீருக்கடியில் வாழ்ந்த கப்பல்கள் அல்ல. வேண்டும்போது மூழ்கத் தெரிந்த மேற்பரப்புக் கப்பல்கள், அவ்வளவுதான். டீசல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும் என்பதால், பயணத்தின் பெரும்பகுதியை அவை அலைமேல்தான் கடந்தன. மூழ்கியபின் பேட்டரியில் சேமித்த மின்சாரமே கதி. மூழ்கிய நிலையில் யு-180 மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது என்றாலும், அந்த வேகத்தில் ஓட்டினால் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும்; நடைவேகத்தில் நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதற்குள் மேலே வந்து, டீசலை ஓடவிட்டு, பேட்டரியை நிரப்பிக்கொண்டாக வேண்டும். எதிரியைத் துரத்துவது, முந்திச் சென்று காத்திருப்பது, இரவில் சரக்குக் கப்பல் அணிக்குள் புகுந்து தாக்குவது ஆகிய எல்லாமே மேற்பரப்பில் நடந்த காரியங்கள். ஆகவே மேற்பரப்பு வேகத்தைக் கூட்டினால் கப்பலின் தாக்கும் திறனும் கூடும் என்று ஒரு வடிவமைப்பாளர் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது.

ஜெர்மன் கடற்படையிடம் அப்போது இரண்டு முக்கிய வகைகள் இருந்தன. அட்லாண்டிக் போரின் சுமையைத் தாங்கிய ஏழாம் வகை, சுமார் 67 மீட்டர் நீளமுள்ள சிறிய, சுறுசுறுப்பான கப்பல். ஒன்பதாம் வகை அதைவிடப் பெரியது. அமெரிக்கக் கரையோரம், மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் போன்ற தொலைவான பகுதிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. இதன் சி உட்பிரிவுக் கப்பல்களில் எம்.ஏ.என். நிறுவனத்தின் ஒன்பது சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 2,200 குதிரைத்திறன் கொண்டவையாக இருந்தன. கனத்த, மெதுவாகச் சுழலும், நம்பகமான எஞ்சின்கள் அவை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைய இன்னும் பெரிய உடல் வேண்டும் என்று கருதியபோது பிறந்தது டி உட்பிரிவு. சி வகையின் 76.76 மீட்டர் நீளம் இதில் 87.58 மீட்டர் ஆனது. மேற்பரப்பில் 1,610 டன், மூழ்கிய நிலையில் சுமார் 1,800 டன் என்று எடையும் ஏறியது.

நீட்டிக் கிடைத்த அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் தரப்பட்டன. டி2 என்ற பிரிவில், வழக்கமான பெரிய எஞ்சின்கள் இரண்டுடன், மெதுவாகச் செல்லும்போது மட்டும் ஓட்டுவதற்கென்று சிறிய டீசல் எஞ்சின்கள் இரண்டையும் சேர்த்தார்கள். அவசரத்துக்குப் பெரியது, அன்றாடத்துக்குச் சிறியது என்ற இந்தச் சிக்கனமான ஏற்பாட்டால் அவற்றின் பயணத் தொலைவு வியக்கத்தக்க அளவுக்கு நீண்டது. டி1 என்ற பிரிவிலோ தொலைவைவிட வேகத்துக்கு முதலிடம் தரப்பட்டது. அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் எம்.பி. 501 எஞ்சின்கள்: ‘வி’ வடிவில் அமைந்த 20 சிலிண்டர்கள், நீர்க் குளிர்விப்பு, ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன். ஒரு சுழலித் தண்டுக்கு மூன்று எஞ்சின்கள் என்ற கணக்கில், இரண்டு தண்டுகளுக்கும் சேர்த்து ஆறு எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. மொத்தம் 9,000 குதிரைத்திறன்.

இந்த எஞ்சின்கள் எங்கிருந்து வந்தன என்பதிலேயே பின்னால் வந்த தொல்லையின் வேர் இருக்கிறது. இவை ஆங்கிலக் கால்வாயில் இரவில் பாய்ந்து சென்று டார்ப்பிடோ வீசிவிட்டு விடிவதற்குள் துறைமுகம் திரும்பும் ஜெர்மன் விரைவுப் படகுகளுக்கென்று உருவானவை. அப்படிப்பட்ட படகு ஒன்றில் மூன்று எஞ்சின்கள் இருக்கும். அந்தக் கணக்கில் யு-180இன் வயிற்றுக்குள் இரண்டு விரைவுப் படகுகளின் எஞ்சின் அறைகள் திணிக்கப்பட்டிருந்தன. விரைவுப் படகு சில மணி நேரம் உச்ச வேகத்தில் ஓடும். பிறகு கரையில் மெக்கானிக்குகள் சூழ்ந்துகொண்டு எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள். நீர்மூழ்கியின் வாழ்க்கை இதற்கு நேர் எதிரானது. மூன்று, நான்கு மாதங்கள் கரையையே பார்க்காமல், கையிலிருக்கும் உதிரிப் பாகங்களை மட்டும் நம்பி, இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எம்.ஏ.என். எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 470 சுற்றுகள் சுழன்றது. இந்த இலகுவான எஞ்சின்களோ அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் சுழல வேண்டியிருந்தது. சுழற்சி கூடக்கூடத் தேய்மானமும் சூடும் கூடும் என்பதை மோட்டார் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் கிடைத்த ஆதாயம் என்ன? சி வகை மேற்பரப்பில் 18.3 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர் சென்றது. யு-180 எட்டக்கூடிய உச்ச வேகம் 20.8 நாட், அதாவது சுமார் 38.5 கிலோமீட்டர். குதிரைத்திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. வேகமோ மணிக்கு நாலரைக் கிலோமீட்டர்தான் உயர்ந்தது. கப்பல் பெருத்ததும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், அடிப்படைக் காரணம் நீரின் எதிர்ப்பு. ஒரு கப்பலின் வேகத்தைச் சற்றே கூட்டவும் அதைத் தள்ளும் திறனைப் பன்மடங்கு கூட்ட வேண்டியிருக்கிறது. வேகம் ஏற ஏற இந்த விலை கடுமையாக உயரும். டி2 கப்பல்கள் இதைவிடக் குறைந்த திறனை வைத்துக்கொண்டே 19.2 நாட்டை எட்டின என்பதை இதனுடன் வைத்துப் பார்த்தால், டி1இன் ஆறு எஞ்சின்கள் வாங்கித் தந்தது எவ்வளவு சொற்பம் என்பது தெரியும். தொலைவிலோ டி2 இதைப் பல மடங்கு விஞ்சியது.

சொற்பமான அந்த வேகமும் நிலைக்கவில்லை. எஞ்சின்கள் அளவுமீறிச் சூடேறின, புகை கக்கின. புகை என்பது சிறு குறையாகத் தோன்றலாம். ஆனால் நீரோடு நீராகத் தாழ்ந்து கிடக்கும் தன் உருவத்தை நம்பியே ஒரு நீர்மூழ்கி மேற்பரப்பில் உயிர் பிழைக்கிறது. அதன் தலைக்குமேல் கரும்புகை ஒரு தூண்போல் எழுந்தால், அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் எதிரிக்குக்கூட அது கொடிகாட்டி அழைப்பதற்குச் சமம். கடற்படை இந்த வகையில் இரண்டே இரண்டு கப்பல்களைத்தான் கட்டியது. ஒன்று யு-180, மற்றொன்று யு-195. மூன்றாவது கட்டப்படவே இல்லை என்பதே அவற்றைப் பற்றிய கடற்படையின் தீர்ப்பு.

பிரெமன் நகரத்தின் ஏ.ஜி. வேசர் கப்பல் கட்டும் தளத்தில் 1941 பிப்ரவரியில் யு-180இன் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் அது நீரில் இறக்கப்பட்டு, 1942 மே 16 அன்று கடற்படைப் பணியில் சேர்ந்தது. அதன் தலைவராக அமர்த்தப்பட்ட வெர்னர் முசென்பர்க், நீர்மூழ்கித் தலைவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த காலத்தில், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த அதிகாரி. பால்டிக் கடலில் பயிற்சியும் சோதனை ஓட்டங்களும் மாதக்கணக்கில் நடந்தன. முன்புறம் நான்கு, பின்புறம் இரண்டு என ஆறு டார்ப்பிடோக் குழாய்கள், மேல்தளத்தில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கி ஒன்று, விமானங்களைச் சுடும் சிறு பீரங்கிகள் என ஆயுதங்களில் அது மற்ற ஒன்பதாம் வகைக் கப்பல்களிலிருந்து வேறுபட்டதல்ல.

1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்திலிருந்து அது முதல் பயணத்துக்குக் கிளம்பியது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை முழுவதுமாகச் சரணடைந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கப்பலில் ஏறிய இரண்டு இந்தியர்களில் ஒருவர் போஸ். மற்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். ஜெர்மனியில் பொறியியல் படிக்க வந்து, போஸின் செயலாளராக மாறியவர் அவர். 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலிலிருந்து தப்பி, காபூல், மாஸ்கோ வழியாக அந்த ஏப்ரலில் பெர்லின் வந்து சேர்ந்த போஸ், ஈராண்டு முயன்றும் ஜெர்மன் அரசிடமிருந்து இந்திய விடுதலை குறித்துத் தெளிவான அறிவிப்பு எதையும் பெற முடியாமல் சலித்திருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபின், இந்தியாவுக்கு அருகில் இருந்து போராடக்கூடிய இடம் தென்கிழக்கு ஆசியாதான் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. பெர்லினில் தாம் நிறுவிய அமைப்பின் பொறுப்பை ஏ.சி.என். நம்பியாரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி எமிலியையும் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத மகள் அனிதாவையும் பிரிந்து அவர் கிளம்பினார்.

ஏன் நீர்மூழ்கி? ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் இடையிலான தரைவழியைச் சோவியத் ஒன்றியம் மறித்து நின்றது. வான்வழி ஆபத்தானது, அதற்கேற்ற நெடுந்தொலைவு விமானங்களும் அரிது. மேற்பரப்புக் கப்பல்களை நேச நாடுகளின் கடற்படைகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. எஞ்சியது கடலுக்கடியில் ஒளிந்து செல்லக்கூடிய ஒன்றுதான். பிரிட்டனின் வடக்கே சுற்றி அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவின் மேற்குக்கரைக்கு வெகுதொலைவில் தெற்கு நோக்கி ஓடி, நன்னம்பிக்கை முனையைக் கடந்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைவது திட்டம்.

உள்ளே வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? நீரின் அழுத்தத்தைத் தாங்கும் எஃகு உருளையின் விட்டம் நாலரை மீட்டருக்கும் குறைவு. அதற்குள்தான் எஞ்சின், பேட்டரி, டார்ப்பிடோ, சமையல் இடம், படுக்கைகள், ஏறத்தாழ 60 பேர் எல்லாம். ஒருவர் காவல் பணிக்கு எழுந்து போனதும் அந்தப் படுக்கையில் இன்னொருவர் படுப்பார். நடக்க ஒற்றையடிப் பாதைபோல ஒரு நடைவழி. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். கப்பலெங்கும் நிறைந்திருந்த டீசல் நெடியை ஹசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்: ரொட்டியிலும் அதே நெடி, போர்த்திக்கொள்ளும் கம்பளியிலும் அதே நெடி. மாலுமிகளின் டப்பா உணவு போஸுக்கு ஒத்துக்கொள்ளாததைக் கண்ட ஹசன், சரக்கு அறையைத் துழாவி அரிசியும் பருப்பும் கண்டெடுத்துக் கிச்சடி சமைத்துக் கொடுத்தார். போஸோ அதைத் தாம் மட்டும் உண்ணாமல் ஜெர்மன் அதிகாரிகளையும் அழைத்து உபசரிக்க, கையிருப்பு தீர்ந்துவிடுமே என்று ஹசன் மனத்துக்குள் கவலைப்பட்டாராம். உலகப்போரின் நடுவே, அட்லாண்டிக்கின் அடியில், விருந்தாளியால் அரிசி தீர்ந்துவிடுமோ என்று கணக்குப் பார்க்கும் சமையற்காரரின் கவலை அது.

ஏறக்குறைய மூன்று மாதங்களையும் போஸ் வேலையில்தான் கழித்தார். கிழக்கே போய்ப் பேசவேண்டிய உரைகளையும் தீட்டவேண்டிய திட்டங்களையும் அவர் சொல்லச் சொல்ல, ஹசன் எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறை எதிரிக் கப்பல் ஒன்றைத் தாக்கும் முயற்சியின்போது கட்டளை ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, மூழ்கியிருக்கவேண்டிய யு-180 மேலே எழும்பி, அந்தக் கப்பலிடம் மோதல் வாங்குவதிலிருந்து மயிரிழையில் தப்பியது என்று ஹசன் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கதிகலங்கி நின்ற அந்த வேளையில், சொன்னதை எழுதாமல் உறைந்திருந்த தம் செயலாளரைப் போஸ் கடிந்துகொண்டார் என்பதும் அவர் நினைவுகூர்ந்த செய்திதான். தலைவரைப் பற்றித் தொண்டர் சொல்லும் கதைகளைச் சற்று ஒதுக்கி வைத்தே படிக்கவேண்டும் என்றாலும், உள்ளிருந்து பார்த்த ஓர் இந்தியரின் சாட்சியம் நமக்கு வேறு இல்லை.

1943 ஏப்ரல் 18 அன்று, தென்னாப்பிரிக்காவின் கரைக்கு அப்பால், 8,132 டன் கொள்ளளவுள்ள பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலான கார்பிஸை யு-180 டார்ப்பிடோ வீசி மூழ்கடித்தது. கப்பலில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். இந்தத் தாக்குதல் எனக்கு என்றுமே புதிராகத்தான் படுகிறது. இரண்டு அரசுகள் மாதக்கணக்கில் இரகசியம் காத்து, குறித்த நாளில் குறித்த இடத்தில் சேர்ப்பதற்காக அனுப்பிய பயணியை உள்ளே வைத்துக்கொண்டு, சந்திப்புக்குச் சில நாட்களே இருக்கையில், தன் இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் ஒரு தாக்குதலை முசென்பர்க் ஏன் நடத்த வேண்டும்? எண்ணெய்க் கப்பல் என்பது எந்த நீர்மூழ்கித் தலைவருக்கும் கைவிட மனம் வராத இரை என்பதைத் தவிர வேறு சமாதானம் தோன்றவில்லை. போர்க்கப்பலைப் பயணக் கப்பலாக அனுப்பினால் அது போர்க்கப்பலாகத்தான் நடந்துகொள்ளும்.

ஏப்ரல் இறுதி வாரத்தில், மடகாஸ்கருக்கு அப்பால் உள்ள பெருங்கடலில், பினாங்கிலிருந்து வந்த ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29ஐ யு-180 சந்தித்தது. ஜப்பானியக் கப்பல் 108 மீட்டருக்கும் மேல் நீளம்; சிறு கடல் விமானம் ஒன்றை மடக்கிவைக்கும் கொட்டகைகூட அதன் மேல்தளத்தில் இருந்தது. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் உடனே ஆள் மாற்ற இயலவில்லை. நாட்டுக்கு நாடு வேறான மொழியும் சைகை முறைகளும் கொண்ட இரண்டு கப்பல்கள், எதிரி விமானம் எந்நேரமும் வரலாம் என்ற அச்சத்தோடு, அருகருகே ஓடிக்கொண்டு அலை அடங்கக் காத்திருந்தன. கடைசியில் போஸும் ஹசனும் ரப்பர் படகில் இறங்கி, அலைகளில் நனைந்தபடி மறுகப்பலில் ஏறினர். அந்தப் போரில் இரு நாட்டு நீர்மூழ்கிகளுக்கிடையே படைசாராத பயணிகள் இப்படி மாறிய வேறு நிகழ்ச்சி அறியப்படவில்லை.

மாறியவர்கள் அவர்கள் மட்டுமல்லர். ஜெர்மனிக்குப் போய் நீர்மூழ்கிக் கட்டுமானத்தைப் பயில, டெட்சுஷிரோ எமி, ஹிடியோ டொமொனகா என்ற இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் எதிர்த்திசையில் யு-180க்கு வந்தனர். பெர்லினில் இருந்த ஜப்பானியத் தூதரகத்துக்கென்று இரண்டு டன் தங்கக் கட்டிகள், ஜப்பானிய டார்ப்பிடோ மாதிரிகள் உட்பட ஏறத்தாழ 11 டன் சரக்கும் ஏற்றப்பட்டது. ஜெர்மன் தரப்பிலிருந்து நீர்மூழ்கி வரைபடங்கள், கவசத்தைத் துளைக்கும் புதுவகைக் குண்டுகளுடன் கூடிய பீரங்கி மாதிரி, எதிரியின் ஒலி உணரிகளை ஏமாற்றக் குமிழிகளைப் பொங்கவிடும் ‘போல்ட்’ என்ற சாதனம் ஆகியவை மறுபக்கம் போயின. நாம் போஸின் பயணம் என்று மட்டும் அறிந்திருக்கும் இந்தச் சந்திப்பு, இரண்டு கடற்படைகளின் கணக்கில் ஒரு பண்டமாற்று. போஸ் அந்தப் பட்டியலில் மிக முக்கியமான ஓர் உருப்படி.

ஐ-29இன் மாலுமிகள் பினாங்கில் கிளம்பும்போதே இந்திய விருந்தாளிகளுக்கென்று குழம்பு வைப்பதற்கான பொருள்களை வாங்கி வந்திருந்தனர். மூன்று மாத டீசல் ரொட்டிக்குப்பின் காரசாரமான சாப்பாடு. அதுவும் ஏப்ரல் 29 ஜப்பானியப் பேரரசரின் பிறந்தநாள் என்பதால் விருந்தாகவே கிடைத்தது. ஹசனுக்கு அது வீடு திரும்பியதுபோல் இருந்ததாம். மே முதல் வாரத்தில் சுமத்திராவின் வடக்கே உள்ள சபாங் தீவில் இறங்கிய போஸ், விமானத்தில் டோக்கியோ சென்று, ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். அதன்பின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் பெருந்திரளாகச் சேர்ந்ததும், சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறைந்திருந்ததும் தனியாகச் சொல்லவேண்டிய வரலாறு.

யு-180 திரும்பிச் செல்லவேண்டிய கடல், அது புறப்பட்ட கடலாக இல்லை. 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. அந்த மாத இறுதியில் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தம் கப்பல்களைப் பின்வாங்கச் செய்தார். நெடுந்தொலைவு ரோந்து விமானங்களும், குறுகிய அலைநீள ரேடாரும் சேர்ந்து, இரவு இருட்டில் மேற்பரப்பில் ஓடுவதையே தற்கொலைக்கு ஒப்பாக்கியிருந்தன. எந்த மேற்பரப்பு வேகத்துக்காக ஆறு எஞ்சின்களைத் திணித்தார்களோ அந்த வேகத்துக்கே இனி மதிப்பில்லை. மணிக்கு 38 கிலோமீட்டரில் ஓடும் கப்பலும் 34 கிலோமீட்டரில் ஓடும் கப்பலும், 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துவரும் விமானத்துக்கு நின்றுகொண்டிருக்கும் இலக்குகள்தாம். வரும் வழியில் ஜூன் 3 அன்று தென் அட்லாண்டிக்கில் 5,166 டன் கொள்ளளவுள்ள கிரேக்கச் சரக்குக் கப்பல் போரிஸை மூழ்கடித்துவிட்டு, விமானங்கள் வட்டமிட்ட பிஸ்கே வளைகுடாவைக் கடந்து, ஜூலை 3 அன்று பிரான்சின் போர்டோ துறைமுகத்துக்குத் தங்கத்தோடு வந்து சேர்ந்தது யு-180. மொத்தம் 144 நாட்கள். அது தன் வாழ்நாளில் மூழ்கடித்தவை இந்த இரண்டு கப்பல்கள் மட்டுமே.

போர்டோவில் கப்பலை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அதைத் தாக்குதல் கப்பலாக வைத்துக்கொள்ள யாரும் வாதாடியதாகத் தெரியவில்லை. ரப்பர், தகரம், டங்ஸ்டன், கொய்னா ஆகியவை ஜெர்மனிக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. அவை இருந்த தென்கிழக்கு ஆசியாவோ ஜப்பான் வசம். இவற்றைச் சுமந்து முற்றுகையை ஊடுருவிவந்த மேற்பரப்புச் சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கடிக்கப்பட்டுவிட, பளு சுமக்கும் வேலை நீர்மூழ்கிகளின் தலையில் விழுந்தது. யு-180இன் டார்ப்பிடோக் குழாய்கள் அகற்றப்பட்டன. ஆறு மெர்சிடிஸ் எஞ்சின்களும் கழற்றப்பட்டு, ஏழாம் வகைக் கப்பல்களில் நன்கு பழகிய, கெர்மானியா நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டு அவற்றின் இடத்துக்கு வந்தன. திறன் 9,000 குதிரைத்திறனிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இப்படிக் காலியான இடங்களில் 252 டன் சரக்கு ஏற்ற முடிந்தது. இணைக்கப்பலான யு-195க்கும் இதே சிகிச்சை நடந்தது. வேகத்தைக் கைவிட்டபின்தான் இந்த இரண்டு கப்பல்களும் ஒரு தெளிவான வேலைக்குப் பொருத்தமாயின.

1944 ஆகஸ்டில், நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் பிரான்சுக்குள் விரைந்து முன்னேறிக்கொண்டிருந்த நேரத்தில், போர்டோவில் இருந்த நீர்மூழ்கிகள் ஓடக்கூடியவை ஓடட்டும் என்று வெளியேற்றப்பட்டன. முசென்பர்க்குக்குப்பின் ரோல்ஃப் ரீசன் தலைமையேற்ற யு-180, ஜப்பானுக்கு அனுப்பவேண்டிய சரக்குகளுடன் அந்த மாதத்தின் மூன்றாம் வாரத்தில் கிளம்பியது. கிளம்பிய சில நாட்களிலேயே பிஸ்கே வளைகுடாவில் 56 பேருடன் மறைந்துபோனது. ஒருவரும் மிஞ்சவில்லை. போர்டோவிலிருந்து கடலுக்குச் செல்லும் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே பிரிட்டிஷ் விமானங்கள் விதைத்திருந்த கண்ணிவெடி ஒன்றில் அது சிக்கியதாக நெடுங்காலம் எழுதப்பட்டது; ஸ்நார்க்கெல் கோளாறினால் மூழ்கியிருக்கலாம் என்பது பின்னர் எழுந்த கருத்து.

ஸ்நார்க்கெல் என்பது கப்பல் நீருக்குச் சற்று அடியில் இருந்துகொண்டே டீசல் எஞ்சினை ஓட்டுவதற்காக, நீர்மட்டத்துக்கு மேல் நீட்டிவைக்கும் காற்றுக்குழாய். அலை குழாயை மூடினால் அதன் தலையிலுள்ள அடைப்பான் தானாக மூடிக்கொள்ளும். நீர் உள்ளே வராது. ஆனால் எஞ்சின் அதுவரை வெளியிலிருந்து இழுத்த காற்றை இப்போது கப்பலின் உள்ளிருந்து இழுக்கத் தொடங்கும். மாலுமிகளுக்குக் காது அடைக்கும், மூச்சு திணறும். கழிவுப்புகை வெளியேற வழியின்றி உள்ளே திரும்பினால் நச்சுவாயு பரவும். அடைப்பானே பழுதாகிவிட்டாலோ கடல்நீர் நேராக எஞ்சின் அறைக்குள் பாயும். ஆழத்தைச் சீராகப் பிடித்து ஓட்டக்கூடிய பழகிய கைகள் இதற்கு வேண்டும். அந்தக் கோடையில் பல கப்பல்கள் இந்தக் கருவியைக் கடலுக்குக் கிளம்பியபின்தான் பழகிக்கொண்டிருந்தன.

ஆழத்தைச் சீராகப் பிடிப்பது என்றதும் டொமொனகா நினைவுக்கு வருகிறார். நீர்மூழ்கி ஒரே ஆழத்தில் தானாக நிலைத்து நிற்பதற்கான கருவியை வடிவமைத்துப் புகழ்பெற்ற பொறியாளர் அவர். யு-180 அவரை ஐரோப்பாவுக்குக் கொண்டுசேர்த்தது. 1945 வசந்தத்தில், யுரேனிய ஆக்சைடு உள்ளிட்ட சரக்குடன் ஜப்பானுக்குக் கிளம்பிய யு-234 என்ற மற்றொரு ஜெர்மன் நீர்மூழ்கியில் அவர் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். அட்லாண்டிக்கின் நடுவே ஜெர்மனி சரணடைந்த செய்தி வந்து, கப்பலின் தலைவர் அமெரிக்கர்களிடம் சரணடையத் தீர்மானித்தபோது, டொமொனகாவும் உடன் வந்த கென்சோ ஷோஜியும் தூக்க மாத்திரைகளை விழுங்கி உயிரை மாய்த்துக்கொண்டனர். போஸைக் கிழக்கே கொண்டுசேர்த்த ஐ-29 அதற்கு முன்பே, 1944 ஜூலை 26 அன்று, பிலிப்பைன்சுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷின் டார்ப்பிடோக்களுக்கு இரையாகியிருந்தது. ஜப்பானிய இரகசியச் செய்திகளை அமெரிக்கர்கள் படித்துவிட்டதால் அது வரும் வழி முன்கூட்டியே தெரிந்திருந்தது.

யு-180 போர்டோவிலிருந்து வெளியேறிய அதே நாட்களில் கிளம்பிய யு-195, பிஸ்கேயையும் அட்லாண்டிக்கையும் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, புதிதாகப் பொருத்திய மெதுவான எஞ்சின்களோடு 1944 டிசம்பர் இறுதியில் ஜாவாவின் பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) துறைமுகத்தை அடைந்தது. நான்கு மாதங்களுக்கும் மேலான பயணம். ஜெர்மனி சரணடைந்ததும் ஜப்பானியர்கள் அதைக் கையகப்படுத்தி, ஐ-506 என்று பெயரிட்டு, தங்கள் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள்.